சிறுவர் இலக்கியத்தில் முதுகலை

கேள்வி: ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. முடித்த என் மகள், சிறுவர் இலக்கியம்தான் மேலே படிப்பேன் என்கிறாள். அப்படி ஒரு படிப்பு உண்டா?
– வாசகி ஒருவர், தென்காசி

பதில்: உண்டு, அதுவும் ஊர் ஊராகப் போய்ப் படிக்கும்படி. ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘எராஸ்மஸ் முண்டஸ்’ திட்டத்தில், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கும் இரண்டாண்டு முதுகலைப் படிப்பு அது. கிளாஸ்கோவில் தொடங்கி டென்மார்க்கின் ஆர்ஹூஸுக்குப் போகவேண்டும். பிறகு வேறொரு பல்கலைக்கழகம். உதவித்தொகை கிடைத்தால் கட்டணம் இல்லை. மாதம் 1400 யூரோ கைக்கும் வரும். ஆனால் போட்டி கடுமை.

பிள்ளைக் கதையில் படிக்க என்ன இருக்கிறது என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். 1963-இல் மோரிஸ் சென்டாக் வெளியிட்ட ‘வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்’ படநூலை அவர்களிடம் கொடுங்கள். சிறுவன் மாக்ஸின் கோபம் ஏற ஏறப் படங்கள் பக்கத்தில் பெரிதாகிக்கொண்டே போகும். பூதங்களோடு அவன் போடும் கும்மாளம் உச்சத்துக்குப் போகும்போது எழுத்தே இராது, இரண்டு பக்கமும் படம்தான். எழுத்தறியாத குழந்தையும் அங்கே தானே கதை சொல்லும். இதைக் கூர்ந்து பார்க்கக் கற்பிக்கும் இந்தப் படிப்பு சினிமா, விளையாட்டுச் செயலிகள் வரை நீள்கிறது.

விண்ணப்பத்தில் நோக்கக் கடிதம்தான் முக்கியம். சிறுவயதிலிருந்தே கதை பிடிக்கும் என்று எழுதினால் எடுபடாது. சிறுவர் எழுத்தாளர் வாண்டுமாமாவின் ‘பூந்தளிர்’ இதழ்களை எப்படி ஆராய்வேன் என்று எழுதச் சொல்லுங்கள். பழைய இதழ்களை இப்போதே தேடத் தொடங்கட்டும்.