திப்பு துப்பாக்கிக்கு ஏன் இவ்வளவு விலை?

2015 ஏப்ரலில் லண்டன் போன்ஹாம்ஸ் ஏலத்தில் திப்பு சுல்தானின் துப்பாக்கி ஒன்று 7,22,500 பவுண்டுக்குப் போச்சு. 2019 மார்ச்சில் இங்கிலாந்தில் இன்னொரு ஏலம். அதுவும் திப்புவோட ஆயுதசாலையில் இருந்ததுதான், வெள்ளி வேலைப்பாடும் உண்டு, கூடவே பயோனெட் வேற. விலை 60,000 பவுண்டு. கணக்குப் போட்டுப் பாருங்க, 12 மடங்கு வித்தியாசம்!

சுங்குவார்சத்திரத்தில் பஸ் ஏறுற நமக்கு திப்பு ரொம்ப தூரத்து ஆள் இல்லை. 1780 செப்டம்பர் 10 அன்று கர்னல் பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் முறியடிச்சது காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூரில்தான்.

சரி, முதலில் மெக்கானிசம். 2015ல் விற்றது ஒரே குழாயில் இரண்டு முறை சுடும் வகை. மருந்து, குண்டு, அதன்மேல் மறுபடி மருந்து, குண்டு என்று அடைக்கணும். முன்னால் இருப்பதை முதலில் பற்றவைக்கணும். அப்போ பின்னால் இருக்கிற குண்டுதான் சீல். ஃபிட் லூசா இருந்தா தீ பின்பக்க மருந்துக்கும் பாய்ந்து இரண்டும் சேர்ந்து வெடிக்கும், குழாயே பிளக்கலாம். லேத் ஷாப்பில் நாம் படுற பாட்டை நினைச்சுக்கிட்டு, இதை வெறும் கையால் செஞ்சவரை யோசிச்சுப் பாருங்க. இந்த மாதிரி அபூர்வ அமைப்புக்குத்தான் சேகரிப்பாளர்கள் பணத்தைக் கொட்டுறாங்க.

அடுத்தது, ஆவணம். என் கணிப்பில் இதுதான் பெரிய காரணம். அந்தத் துப்பாக்கி ராபின் விகிங்டன் சேகரிப்பில் இருந்தது. திப்புவின் துப்பாக்கிகளைப் பற்றியே 1992ல் புத்தகம் போட்டவர் அவர். இன்னொன்று பல வருஷம் ஒரு வீட்டுப் பரணில் கிடந்தது.

புலிவரி அலங்காரம், குழாயில் பொறித்த வருஷம், செய்தவர் பெயர் எல்லாம் விலையை ஏற்றும், அசலா இருந்தால் மட்டும். யாராவது பிற்பாடு பொறிச்சிருந்தா விலை கவிழ்ந்துடும். பஃபிங் பண்ணினாலும் அதே கதி, பழைய இரும்பின் பழுப்பு போய்விடும், முத்திரையின் விளிம்பும் மழுங்கிவிடும். பழைய திருகாணியின் மரை சீரா இருக்காது. புதுசு போட்டிருந்தா பார்த்ததும் தெரியும். பழைய புல்லட் வாங்குறவங்க என்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் பொருந்துதான்னு பார்க்கிறதும் இதே லாஜிக்தான். (என்ஃபீல்டுங்கிற பெயரே இங்கிலாந்தின் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்த ஊரிலிருந்து வந்தது.)

இந்தியாவில் 100 வருஷம் தாண்டிய இப்படிப்பட்ட பொருள் 1972 சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டுக்கு விற்று அனுப்ப முடியாது. தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையைக் கலைச்ச காலத்தில் இந்தச் சட்டம் இல்லை. அழகானதில் கொஞ்சம் சென்னை மியூசியத்துக்கு வந்தது. மீதியில் பெரும்பகுதியை உடைச்சுப் பழைய இரும்பாக வித்துட்டாங்க.