பேசும் கருவியும் பெயரில்லாப் பொத்தானும்

பார்வையற்ற மாணவர் ஒருவர் செம்பூரிலிருந்து மாட்டுங்காவிற்குச் செல்கிறார் என்று கொள்வோம். ஹார்பர் பாதை வண்டியில் ஏறிக் குர்லாவில் இறங்க வேண்டும். அங்கே மத்தியப் பாதையின் ஸ்லோ வண்டிக்கு மாற வேண்டும். ஃபாஸ்ட் வண்டியில் ஏறிவிட்டால், அது பொதுவாக மாட்டுங்காவில் நில்லாமல் தாதருக்கே போய்விடும். இந்த வேறுபாட்டைக் கைப்பேசியிலுள்ள பயணச் செயலி அவருக்கு எவ்வாறு உணர்த்தும்?

ஆண்ட்ராய்டு பேசியில் 'டாக்பேக்' என்றும், ஐபோனில் 'வாய்ஸ்ஓவர்' என்றும் திரைவாசிப்பான் உண்டு. விரலை வலப்புறம் தள்ளினால் அது அடுத்த பொத்தானின் பெயரைச் சொல்லும். இருமுறை தட்டினால் அப்பொத்தான் இயங்கும். ஆனால், செயலியை ஆக்கியவர் இட்ட பெயரையே அது சொல்கிறது. பெயர் இடாவிட்டால், "பொத்தான்" என்று மட்டும் ஒலித்து நின்றுவிடும். ஸ்லோ, ஃபாஸ்ட் என்பவற்றை எழுத்தால் குறிக்காமல் நிறத்தால் மட்டும் காட்டினால், அவருக்கு இரண்டும் ஒன்றே. நிறக்குருடு உடையோர்க்கும் அதே இடர்தான்.

இனி, சக்கர நாற்காலியில் செல்வோர் நிலையைப் பார்ப்போம். போக்குவரத்து விவரங்களை வெளியிடப் பல நாடுகளில் வழங்கும் ஜிடிஎஃப்எஸ் முறையில், ஒவ்வொரு நிலையத்திற்கும் ஓர் எண் இடலாம். 1 என்றால் ஏற வசதி உண்டு. 2 என்றால் இல்லை. 0 என்றால் விவரம் இல்லை. நிலையத்திற்கு நேரிற் சென்று, மின்தூக்கியும் சரிவுப்பாதையும் உண்டா என்று பார்த்து எழுதுவார் இல்லையெனில், எத்துணை அழகிய செயலியும் 0 என்றே இருக்கும்.

இவ்வசதிகளைச் செய்வது இரக்கச் செயலா? அன்று, உரிமை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் போக்குவரத்திலும் தகவல் தொழில்நுட்பத்திலும் அணுகுவசதி வேண்டும் என்கிறது. அதன் விதி ஒன்று பரிந்துரையாக மட்டும் நிற்பது சட்டத்திற்கு முரண் என்று 2024 நவம்பர் 8 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்குமாறும் ஆணையிட்டது.

நம்முள் நாளை செயலி ஆக்கப்போவோர் பலர். இன்றே டாக்பேக்கை இயக்கிக் கண்களை மூடிக்கொண்டு, உங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வழி தேடிப் பாருங்கள். விரல் எங்கே திகைக்கிறதோ அங்கேதான் குறை. அதைக் குறித்து, செயலியை நடத்துவோர்க்கு எழுதுங்கள். பொத்தானுக்குப் பெயர் இட ஒரு வரி போதும். அந்த ஒரு வரி ஒருவரைத் தம் கல்லூரிக்குத் தனியே செல்லவைக்கும்.