உப்புக் காத்தும் கம்ப்யூட்டர் பெட்டியும்

மேசைக்குக் கீழே இருக்கிற பெட்டியைத்தான் நம்மில் பலர் 'சிபியு' என்கிறோம். உண்மையில் சிபியு என்பது அதற்குள்ளே ஏறக்குறைய தீப்பெட்டி அளவில் இருக்கிற சிப். பெட்டிக்குப் பெயர் கேபினட். கடைக்குப் போனால் பிராசசர், ராம் எல்லாவற்றையும் விசாரிக்கிறோம். கேபினட் மட்டும் "ஏதாவது ஒண்ணு போடுங்கண்ணே" என்று விட்டுவிடுகிறோம். மதுரைக்காரருக்கு அது சரி. கடலும் உப்பளமும் சேர்ந்திருக்கிற தருவைகுளத்துக்குச் சரிப்படாது.

ஏன்? உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் இரும்பு துருப்பிடிக்கும் வேதிவினை வேகமாகிறது. செம்பில் பச்சை பூக்கிறது. வல்லத்து இன்ஜினை என்றால் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிவிடலாம், இதைக் கழுவ முடியுமா? கேபினட் ஃபேன் வேறு வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். எங்கள் தெருவில் ஒரு பழைய பெட்டியைத் திறந்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். ஸ்குரூ துளையைச் சுற்றியும் பின்பக்கத் தகட்டின் வெட்டு விளிம்பிலும்தான் முதலில் துரு. காரணம், கேபினட் தகடு பெரும்பாலும் துத்தநாகம் பூசிய இரும்பு. வெட்டிய இடத்தில் பூச்சு இருக்காது.

ஆகவே கடையில் பக்கத் தகட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். தகர டப்பா மாதிரி உள்ளே போனால் வேண்டாம். உள்பக்கமும் பெயின்ட் அடித்திருக்கிறதா, முன்பக்கம் கழற்றிக் கழுவும் தூசி வலை இருக்கிறதா என்று பாருங்கள். மதர்போர்டு அளவும் பொருந்த வேண்டும். 1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அளவு 305 × 244 மி.மீ. மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 × 244. பெரிய பெட்டியில் சின்ன போர்டு உட்காரும், சின்னதில் பெரியது உட்காராது. கலர் லைட்டும் கண்ணாடியும் என் கணக்கில் வீண் செலவு. அப்பாமார் கடலில் பாடுபட்ட காசு அது!

வீட்டில் கொண்டல் காத்து நேராக அடிக்கிற ஜன்னலோரம் வைக்காதீர்கள். மாதக்கணக்கில் ஓட்டாமலும் போடாதீர்கள். ஓடுகிற சூட்டில் உள்ளே ஈரம் தங்காது. பெட்டியைத் தொட்டால் சுருசுரு என்றால் எர்த் சரியில்லை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இதில் விளையாட்டு கூடாது.

"பெட்டி கழட்டத் தெரிஞ்சா வேலை கிடைக்குமா?" என்று ஒரு அக்கா கேட்டார். அது மட்டும் போதாது, ஆனால் அங்கிருந்து தொடங்கலாம். பத்தாவது முடித்தால் ஐடிஐ-யில் 'கோபா' பிரிவு ஒரு வருடம். பாலிடெக்னிக் டிப்ளமோ மூன்று வருடம், அதை முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டிலேயே நேரடியாகச் சேரலாம். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் நடத்தும் பள்ளியில் +2, டிப்ளமோ முடித்தவர்களைத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். கட்டணம் கிடையாது, படிக்கும்போதே உதவித்தொகையும் உண்டு. பட்டம் இல்லாமலே அந்த வழியாக சாஃப்ட்வேர் வேலைக்குப் போனவர்கள் நிறைய.

நம் லேப் மூலையில் ஓடாத பெட்டி ஒன்று கிடக்கிறது. சாரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். கழற்றிப் பார்க்க ஆசைப்படுபவர்கள் இந்தத் தாளின் கீழே பெயர் எழுதுங்கள். ஸ்குரூ டிரைவர் இருந்தால் கொண்டு வாங்க.