ராச்சாப்பாட்டைக் கேட்டுவிட்டு அறை எடுங்கள்

கொழும்பில் வேலை செய்கிற மலைநாட்டுப் பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாத உத்தியோகம் ஒன்று உண்டு. அலுவலகத்தில் யார் நுவரெலியாவுக்குப் போவதென்றாலும், "நீங்க அந்தப் பக்கந்தானே, எங்க தங்கினா நல்லம்?" என்று எங்களிடம்தான் வருவார்கள். வாவியைப் பார்த்த அறையா, தோட்டத்துக்குள் பங்களாவா என்று போனில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டுவார்கள். சாப்பாட்டில் ஆசை உள்ளவர்கள் என்றால் நான் படத்தைப் பார்ப்பதில்லை. ராத்திரி எங்கே சாப்பிடப் போகிறீர்கள், விடிந்ததும் எங்கே சாப்பிடப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்பேன். மத்தியானச் சாப்பாடு வழியில் எங்கேயும் கிடைக்கும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். மற்ற இரண்டு வேளையும் நீங்கள் எடுக்கிற அறையின் கையில்தான் இருக்கிறது.

குளிரும் ரோட்டும்தான் காரணம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இருட்டி மூடுபனியும் இறங்கிவிட்டால் ஊர் சுருங்கிவிடும், சின்னக் கடைகள் நேரத்தோடு சாத்திவிடும். இத்தாலியில் பொலோஞாவுக்குப் போகிற சாப்பாட்டுப் பிரியர்கள் பழைய சந்தைத் தெருக்களுக்குப் பக்கத்தில் அறை எடுப்பார்கள். தெருவோரம் மேலே கூரையோடு கட்டிய தூண் நடைபாதைகள் அந்த ஊரெங்கும் இருப்பதால், நடுச்சாமத்திலும் மழையில் நனையாமல் நடந்து திரும்பலாம். எங்கள் ஊரில் அதே தூரம் செங்குத்தான ரோடு. விளக்கு இருக்காது, நாய்கள் இருக்கும், ஓட்டோக்காரரும் அந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பார். அதனால் சந்தைக்குப் பக்கத்தில் தங்கு என்கிற அந்த விதி இங்கே இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

கிரகரி வாவிப் பக்கம் படத்துக்கு அழகு. 1873இல், சேர் வில்லியம் கிரகரி ஆளுநராக இருந்தபோது உண்டாக்கிய வாவி அது. அதைச் சுற்றியுள்ள தங்குமிடங்களில் பலவற்றுக்குச் சொந்தக் குசினி பேருக்குத்தான் இருக்கிறது. ராச்சாப்பாட்டை டவுனிலிருந்து எடுப்பிக்கிறார்கள். வந்து சேரும்போது கொத்துரொட்டியின் எண்ணெய் உறைந்திருக்கும். குளிர் ஊரில் சாப்பாட்டின் முதல் எதிரி தூரம்தான். கீழ்நாட்டில் அரைமணி நேரம் சூடு நிற்கிற கறி இங்கே பத்து நிமிடத்தில் ஆறிவிடும். ஆகவே அறை பதிய முன் போன் எடுத்து, "சமையல் அங்கேயே நடக்குதா, வெளியிலிருந்து வருதா?" என்று நேரடியாகக் கேளுங்கள். பதில் இழுபட்டால் வேறு இடம் பாருங்கள்.

என் தெரிவு புதிய கடைவீதியை ஒட்டிய ஏதாவதொரு சுமாரான கெஸ்ட் ஹவுஸ். விடியற்காலையில் பஸ் ஹோர்ன் எழுப்பிவிடும், ஜன்னலைத் திறந்தால் தகரக் கூரைதான் தெரியும். ஆனால் ஐந்து நிமிட நடையில் சுடச்சுடத் தோசையும் இடியப்பமும் உளுந்து வடையும் கிடைக்கும். பேக்கரியில் மாலு பணிஸ் அடுப்பிலிருந்து இறங்குகிற நேரமும் அதுதான். சந்தைக்குள் போனால் லீக்ஸ், கரட், பீட்ரூட், கோவா எல்லாம் மண்வாசனையோடு குவிந்திருக்கும். இந்த லீக்ஸைச் சன்னமாக அரிந்து, மஞ்சளும் மாசியும் போட்டு வதக்கிய கறி இங்குள்ள சோற்றுக் கடைகளில் இருக்கும். கொழும்புக்கு வந்து சேரும்போது அதே லீக்ஸ் ஒரு நாள் பழையதாகிவிடுகிறது. கடைவீதியில் 'மிலானோ' என்று இத்தாலிப் பெயரோடு பழைய சாப்பாட்டுக் கடை ஒன்றும் உண்டு. பெயரைப் பார்த்து மக்ரோனி தேட வேண்டாம், பிரைட் ரைஸும் சோறு கறியும்தான்.

வெள்ளைக்காரன் காலத்து ஹோட்டல்களைப் பற்றி என் கருத்து கொஞ்சம் வேறு. அங்கே சாப்பிடலாம், அதற்காக அங்கேயே தங்க வேண்டியதில்லை. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் தனக்குக் கட்டிய மலைவீடு 1891இல் கிராண்ட் ஹோட்டல் ஆனது. அதன் வளவில் ரோட்டோரமாக இருக்கிற இந்தியச் சாப்பாட்டகத்துக்குள் யாரும் நடந்து போய் உட்காரலாம். சீசனில் வரிசை நிற்கும், ஏழு மணிக்கு முன் போங்கள். 1876இல் தொடங்கிய ஹில் கிளப்பில் ராத்திரி சாப்பிட ஆண்களுக்குக் கோட்டும் டையும் வேண்டும். இல்லாதவர்களுக்கு அங்கேயே இரவல் கொடுப்பார்கள், ஒரு நாள் அங்கத்துவமும் எடுக்கலாம். சூப், ரோஸ்ட், புடிங் என்று வரிசையாக வரும். என் நாக்குக்கு அந்தச் சாப்பாட்டின் ருசி பாதி அந்த இரவல் கோட்டில்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டிய கூத்து.

கந்தப்பளைப் பக்கம் போனால் நிலைமை தலைகீழ். ஹெதர்செட் தோட்டத்தின் பழைய தேயிலைத் தொழிற்சாலையை 1996இல் ஹோட்டலாக்கினார்கள். டவுனிலிருந்து சுமார் 14 கிலோமீற்றர். அங்கே தங்கினால் மூன்று வேளையும் அங்கேயேதான், வெளியே கடை தேடி இறங்க முடியாது. அதைத் தெரிந்துகொண்டு, ஓர் இரவுக்கு மேல் போடாமல் போங்கள்.

இனி ஹட்டன் பக்கம். டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவ என்று காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றி அந்தக் காலத்துத் துரைமார் பங்களாக்கள் இருக்கின்றன. 2005இல் சிலோன் டீ டிரெயில்ஸ் இவற்றில் சிலவற்றை விருந்தினர் இல்லங்களாக்கிய பிறகு, தோட்டத்துப் பங்களாவில் தங்குவது பெரிய நாகரிகமாகிவிட்டது. அவற்றில் டியன்சின் பங்களா 1888ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அவ்வளவு காசு கொடுக்க முடியாதவர்களுக்குச் சிறிய பங்களாக்களும் வாடகைக்குக் கிடைக்கின்றன. பங்களாவின் ருசி அங்குள்ள சமையல்காரர் கையில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அவரை அப்பு என்றோ கோக்கி என்றோ சொல்வார்கள். துரைமார் மாறுவார்கள், கம்பனிகள் மாறும், அப்பு மாறமாட்டார்.

நோர்வூட் பக்கம் அப்படியொரு பங்களாவுக்குச் சிநேகிதிகளோடு போனபோது, தலை நரைத்த அப்பு ஒருவர் ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்று கேட்க வந்தார். சிநேகிதிகள் சூப்பும் கோழி ரோஸ்டும் சொன்னார்கள். என் பேச்சில் ஊரைக் கண்டுபிடித்துவிட்டார். "என்ன பிள்ள, நீங்களும் சூப்பா?" என்றார். "இல்ல மாமா, காலைக்கு ரொட்டி சுடுவீங்களா?" என்றேன். "அத யாரு இங்க கேக்குறா" என்று சிரித்துக்கொண்டே போனார்.

விடியற்காலை குசினிக்குப் போய் நின்றேன். கோதம்ப மாவில் தேங்காய்ப்பூவை அள்ளிப் போட்டு, உப்பு நீர் தெளித்துப் பிசைந்து, தட்டின் முதுகில் எண்ணெய் தடவி உள்ளங்கையாலேயே தடிப்பாகத் தட்டினார். பூரிக்கட்டை கிடையாது. கல்லில் போட்டதும் தேங்காய் கருகுகிற வாசம் வந்தது. பக்கத்து அம்மியில் செத்தல் மிளகாய், உப்பு, சின்ன வெங்காயம், மாசித்தூள். கடைசியாகத் தேசிக்காய்ப் புளி. கட்டசம்பல் அவ்வளவுதான். தோட்டத் தொழிலாளரின் லயத்து வீடுகளில் விடியுமுன் சுடுகிற ரொட்டி இதுதான். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பிரட்டுக்கு ஓடுகிறவர்கள் இரண்டைச் சுற்றி எடுத்துப் போனால், மலையில் பத்து மணித் தேத்தண்ணி வரைக்கும் கெடாது. அந்தத் தடிப்பும் அதற்காகத்தான். பங்களாவின் அச்சடித்த மெனுவில் இது பெரும்பாலும் இருக்காது. முதல் நாள் ராத்திரியே சொல்லிவைக்க வேண்டும், தேங்காய் வாங்க டவுனுக்கு ஆள் போக வேண்டியிருக்கும்.

லயத்திலேயே தங்கிச் சாப்பிடலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. 10க்கு 12 அடி அறையில் ஒரு குடும்பமே இருக்கிறது, விருந்தாளியைக் கண்டால் அவர்கள் தரையில் படுத்துவிட்டுக் கட்டிலைக் கொடுத்துவிடுவார்கள். தெரிந்தவர்கள் கூப்பிட்டால் போய்ச் சாப்பிடுங்கள், சீனியும் பால்மாவும் வாங்கிக்கொண்டு போங்கள். படுக்கைக்கு வேறிடம் பாருங்கள்.

ஹட்டன் டவுனை உல்லாசப் பயணிகள் ரயிலிலிருந்து பஸ்ஸுக்கு மாறும் இடமாகத்தான் பார்க்கிறார்கள். எனக்கென்னவோ, சாப்பாட்டுக்கு நுவரெலியாவை விட ஹட்டன்தான். தோட்டத்துச் சனம் சம்பளத்தன்று வந்து சாப்பிடுகிற ஊர் இது, வெளியூர்க்காரருக்காக உறைப்பைக் குறைக்கும் வழக்கமில்லை. ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்ட், மாணிக்கப் பிள்ளையார் கோயில், கடைகள் எல்லாம் நடக்கிற தூரத்தில் நெருக்கிக்கொண்டு இருக்கும். லொட்ஜுகள் மிகச் சாதாரணம், சுடுதண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு எடுங்கள். மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலைக் காலம். மலையேறப் போகிறவர்கள் மலையடிவாரத்து நல்லதண்ணியில் தங்குவதே நல்லது. அந்த மாதங்களில் அங்கே கடைகள் ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும், இரண்டு மணிக்கும் இஞ்சி போட்ட சாயத்தண்ணி கிடைக்கும்.

தேத்தண்ணியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் ஊரில் ஏசுவார்கள். தேயிலைக்கு நடுவில் தங்குகிறோம், நல்ல தேத்தண்ணி தானாக வரும் என்று நினைக்க வேண்டாம். பல இடங்களில் நூல் கட்டிய பைதான் வரும். நுவரெலியா டவுனுக்குப் பக்கத்துப் பீட்ரு தோட்டத்திலோ, கண்டி ரோட்டில் லபுக்கலையிலோ தொழிற்சாலைக் கடையில் தூள் வாங்கிக்கொண்டு போய், தங்குமிடத்தில் கொடுத்து ஊற்றச் சொல்லுங்கள். யாரும் கோபிக்கமாட்டார்கள். தை முதல் பங்குனி வரை வறண்ட குளிர்காற்று அடிக்கும்போது ஹட்டன், டிக்கோயாப் பக்கத்துத் தேயிலை வாசனையில் உச்சத்தில் இருக்கும். சாப்பாட்டுக்காகவே வருகிறவர்கள் அந்த மாதங்களைப் பிடிப்பது புத்தி.

சித்திரையை மட்டும் தவிருங்கள். நுவரெலியா சீசன் என்று குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் நடக்கும், அறை வாடகை ஏறிவிடும், குசினிகள் திணறும். புத்தாண்டுக்குக் கடைப் பையன்களும் சமையல்காரர்களும் ஊருக்குப் போய்விடுவார்கள், அதனால் 13, 14ஆம் திகதிகளில் சின்னக் கடைகள் பலவும் பூட்டுத்தான். அந்த நாட்களில் மாட்டிக்கொண்டால் முஸ்லிம்களின் ஹோட்டல்களைத் தேடிப் போங்கள், அவை பெரும்பாலும் திறந்திருக்கும். போயா நாட்களில் இறைச்சிக் கடையும் மதுவும் கிடையாது, பங்களாவில் கோழி வேண்டுமென்றால் அப்புவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். திரும்புகிற அன்று ரயிலென்றால், காலைச் சாப்பாட்டைப் பார்சல் கட்டித் தரச் சொல்லுங்கள். நுவரெலியாவுக்கு ஸ்டேஷன் நானுஓயாதான், டவுனிலிருந்து எட்டொன்பது கிலோமீற்றர். அங்கே போய்ச் சாப்பிடலாம் என்று கிளம்பினால் வடையும் ரோல்ஸும்தான் மிஞ்சும்.