ரோபோ மாடலுக்குப் புதுக் கவசம்

ஜப்பானின் பண்டாய் நிறுவனம் 1980 முதல் வெளியிடும் குண்டம் ரோபோ மாடல்களைப் பெட்டியில் வந்தபடியே கோத்து வைப்பதோடு பலர் நிறுத்துவதில்லை. பழைய டாங்கி மாடலின் சக்கரமும் குழாயும் ரோபோவின் முதுகில் ஏறிவிடும். 1977இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் விண்கல மாதிரிகளுக்கும் நுணுக்க வேலைப்பாடு இப்படித்தான் கிடைத்தது.

புதுக் கவசத்துக்கு அரை மில்லிமீட்டர் பாலிஸ்டைரீன் தகடு போதும். முதலில் காகித அட்டையில் வெட்டி அளவு பார்ப்பது நல்லது. தகட்டை முழுதாக அறுக்க வேண்டாம்; கத்தியால் இரண்டு மூன்று முறை கீறி மடித்தால் நேராக முறியும்.

வெட்டிய துண்டுகளை ஒட்டும் மாடல் சிமென்ட் என்ற பசை, பாலிஸ்டைரீனைக் கரைத்து இணைக்கும். மூட்டுக்குள் இருக்கும் மென்மையான பாலிஎத்திலீன் துண்டில் அது ஒட்டாது.

மாடலின் பாகங்களைத் தாங்கி வந்த பிளாஸ்டிக் சட்டத்தில் மிஞ்சிய துண்டுகளை அதே சிமென்டில் கரைத்தால் இடைவெளி அடைக்கும் பசை தயார். ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். நன்றாகக் காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து, சாம்பல்நிற பிரைமர் அடித்தால் மிச்சக் கீறல்கள் பளிச்சென்று தெரியும்.