விதண்டாவாதமும் நல்வாதமும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

"விதண்டாவாதம் பேசாதே!" என்னும் சொல்லை நம்மில் கேளாதவர் இல்லை. கடைக்குப் போகச் சொன்னால் வெயிலைக் காரணம் காட்டுவதும் விதண்டாவாதம், பெரியவர் சொன்னதற்கு 'ஏன்?' என்று கேட்பதும் விதண்டாவாதம் என்றே நம் அன்னையர் கருதுகின்றனர். ஆனால் இச்சொல் அடுக்களையில் பிறந்ததன்று. தருக்க நூலில் பிறந்தது.

நியாய சூத்திரம் என்னும் பழைய வடமொழி நூல், விவாதத்தை வாதம், ஜல்பம், விதண்டை என மூன்றாகப் பிரிக்கிறது. இருவரும் உண்மையை அறிய விரும்பிச் சான்று காட்டிப் பேசுவது வாதம். வெற்றியை மட்டுமே நாடிச் சொற்புரட்டையும் துணைக்கழைப்பது ஜல்பம். தனக்கென ஒரு கொள்கையும் இல்லாமல் பிறர் கொள்கையை இடிப்பது மட்டுமே தொழிலாகக் கொள்வது விதண்டை. ஆகவே, அறிய விரும்பி 'ஏன்?' என்று கேட்பது விதண்டையில் சேராது. தாய்மார்கள் இதனைக் கவனிக்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன். வாதத்தை யாரோடு செய்யலாம் என்றும் அந்நூல் கூறுகிறது. ஆசிரியர், மாணவர், உடன் பயில்வோர், நன்மையை நாடுவோர் ஆகியோருடன் செய்யலாம். அவர்கள் பொறாமை அற்றவர்களாயிருக்க வேண்டும்.

சரக சம்ஹிதை என்னும் மருத்துவ நூல் இன்னும் தெளிவாக நட்புரையாடல், பகையுரையாடல் என்று இரண்டாகவே வகுத்துவிடுகிறது. நட்புரையாடலில் அச்சமின்றிக் கேட்கலாம், அச்சமின்றிப் பதில் கூறலாம். தோற்றுவிடுவோமோ என்று நடுங்க வேண்டியதில்லை. மற்றவர் தோற்றால் மகிழவும் கூடாது, அதைப் பிறரிடம் சொல்லிப் பெருமை கொள்ளவும் கூடாது. மருத்துவ நூலில் இது ஏன் வந்தது என்று யோசித்தேன். இரு வைத்தியர்கள் வெற்றிக்காக மோதினால் நடுவில் நோயாளியின் கதி என்னாவது? அதனால்தான் போலும்.

தமிழிலும் இதற்குச் சான்று உண்டு. மணிமேகலையின் முதற்காதையில், புகார் நகரில் இந்திர விழாவை அறிவிப்பவன், சமயவாதிகளைப் பட்டிமண்டபம் ஏறி வாதிட அழைக்கிறான். அதே அறிவிப்பில், பகைவரோடுகூடச் சினமும் பூசலும் கொள்ளாமல் விலகிச் செல்லுங்கள் என்றும் சொல்கிறான். இன்றைய பட்டிமன்றத்திற்கு அப்பெயரைக் கொடுத்தது அந்தப் பட்டிமண்டபமே.

நம் பள்ளியிலும் பட்டிமன்றமும் பேச்சுப்போட்டியும் ஆண்டுதோறும் நடைபெறுகின்றன. நகர வாழ்வா, கிராம வாழ்வா? கல்வியா, செல்வமா? சீட்டுக் குலுக்கிப் போட்டு எந்த அணி என்று முடிவு செய்கிறோம். செல்வம் என்று வந்துவிட்டால் செல்வத்திற்காகத் தொண்டை கிழியப் பேசுகிறோம். இதை நான் குறை கூறவில்லை. மேடைக் கூச்சம் போகிறது, நாக்குத் திருந்துகிறது, கோப்பையும் கிடைக்கிறது. ஆயினும் கடவுள் உண்டா, நல்லவர் ஏன் துன்புறுகிறார் என்பன போன்ற கேள்விகளுக்குச் சீட்டுக் குலுக்க முடியுமா?

அத்தகைய கேள்விகளை நட்போடு பேசியவர்களைத் தேட நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. தாம்பரம் இரயில் நிலையத்திற்குக் கிழக்கே மரங்கள் அடர்ந்த வளாகத்தில் உள்ளதே சென்னைக் கிறித்தவக் கல்லூரி, அதன் வரலாற்றிலேயே அவர்கள் இருக்கின்றனர். 1937-இல் தாம்பரம் வருவதற்கு முன் அக்கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்தது. அங்கே தத்துவம் கற்பித்தவர் ஸ்காட்லாந்து நாட்டவரான ஏ. ஜி. ஹாக். அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். ஆம், பின்னாளில் குடியரசுத் தலைவரானவர், நாம் செப்டம்பர் 5-ஆம் நாள் நினைவுகூர்பவர்.

எல்லாம் இனிமையாகவே நடந்தது என்று எண்ண வேண்டாம். மிஷன் கல்வி நிலையங்களில் இந்து சமயம் நடத்தப்பட்ட விதம் தம் மனத்தைப் புண்படுத்தியதாக இராதாகிருஷ்ணனே பிற்காலத்தில் எழுதினார். வேதாந்தத்தில் ஒழுக்கத்திற்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டை மறுத்தே தம் முதுகலை ஆய்வுரையை அவர் எழுதினார். அது 1908-இல் நூலாகவும் வந்தது. அப்போது அவருக்கு வயது இருபது. கிறிஸ்தவர் பலர் சொல்லிவந்த குறைக்கு மறுப்பாக அமைந்த அந்த ஆய்வுரையைப் பாராட்டியவர் யார்? கிறிஸ்தவ ஆசிரியரான ஹாக்தான்! மாணவன் தம் பக்கம் வந்தானா என்று அவர் பார்க்கவில்லை. ஒழுங்காகச் சிந்தித்திருக்கிறானா என்றுதான் பார்த்தார்.

ஹாக்கும் தம் கருத்தை மறைக்கவில்லை. கர்மத்தையும் மீட்பையும் ஒப்பிட்டு 1909-இல் ஒரு நூல் வெளியிட்டார். கர்ம நியதியில் அவரவர் வினையை அவரவரே அனுபவிக்கின்றனர். கிறிஸ்தவப் பார்வையிலோ குற்றமற்றவர் பிறருக்காகத் துன்பம் ஏற்க முடியும் என்று வேறுபாடு காட்டினார். இராதாகிருஷ்ணனும் தம் கருத்தை விடவில்லை. 1926-இல் ஆக்ஸ்ஃபோர்டில் சொற்பொழிவாற்றியபோது, வாழ்வைச் சீட்டாட்டத்திற்கு ஒப்பிட்டார். கைக்கு வந்த சீட்டு நாம் தேர்ந்ததன்று, ஆடுவது நம் விருப்பம். ஆகையால் கர்மம் என்பது தலைவிதி அன்று என விளக்கினார். இருவரும் இறுதிவரை ஒத்துப்போகவில்லை. நட்புரையாடல் என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று நினைப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

1938 டிசம்பரில் உலகின் பல நாடுகளிலிருந்து நானூறுக்கும் மேற்பட்ட புரொட்டஸ்டாண்டு பிரதிநிதிகள் தாம்பரத்தில் அக்கல்லூரியிலேயே கூடினர். கிறிஸ்துவின் வெளிப்பாட்டிற்கும் மற்றச் சமயங்களுக்கும் இடையே பாலமே இல்லை என்னும் போக்கில் ஹாலந்து அறிஞர் கிரேமர் ஒரு பெருநூல் எழுதி வந்திருந்தார். ஹாக் அதை ஏற்கவில்லை. பிற சமயத்தவரின் விசுவாசத்திலும் கடவுளோடு மெய்யான தொடர்பு இருக்கக்கூடும் என்பது அவர் கருத்து. எதிரே இருப்பவரின் நம்பிக்கை வெறுங்கூடு என்று முன்பே முடிவு கட்டிவிட்டால் அப்புறம் அவரோடு என்ன பேசுவது?

அந்த மாநாட்டில் நம் கத்தோலிக்கத் திருச்சபை பங்குபெறவில்லை. ஆனால் 1964-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் (நம் பாட்டிமாருக்கு இவர் ஆறாம் சின்னப்பர்) எழுதிய சுற்றுமடலில் உரையாடலுக்குரிய பண்புகளாகத் தெளிவு, சாந்தம், நம்பிக்கை, விவேகம் ஆகியவற்றைக் குறிப்பிட்டார். மறு ஆண்டில் வத்திக்கான் சங்கமும் பிற சமயங்களில் உள்ள உண்மையும் புனிதமுமானவற்றைத் தள்ளுவதில்லை என அறிவித்தது. புனித தோமா அக்குவினாரோ ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னரே, தம் பெருநூலில் ஒவ்வொரு கேள்விக்கும் தமக்கு மாறான கருத்துகளை முதலில் எழுதிவிட்டுத்தான் தம் விடையைத் தொடங்கினார். நம் பேச்சுப்போட்டியில் யாராவது அப்படித் தொடங்கினால் நடுவர் திகைத்துப் போவார்!

எங்கள் வகுப்பில் ஒரே பெஞ்சில் செபமாலையும் உண்டு, திருநீறும் உண்டு, தொழுகை செய்பவளும் உண்டு. மதிய இடைவேளையில் வேப்பமரத்தடியில் நாங்கள் நால்வர் இப்படிப் பேசிப் பார்க்கிறோம். விதி ஒன்றே: மற்றவள் சொன்னதை அவள் 'ஆமாம், அதுதான்' என்று ஒப்பும்படி திருப்பிச் சொன்ன பிறகே நம் கருத்தைச் சொல்லலாம். எழுதும்போது எளிதாகத் தோன்றுகிறது. செய்து பாருங்கள், பாதி நேரம் அதிலேயே போய்விடும்.

ஒரு நாள் தோழி ஒருத்தி தன் தம்பியைப் பற்றிப் பேசினாள். அவனுக்குப் பிறவியிலேயே காது கேளாது. முற்பிறவிப் பாவம் என்று அக்கம்பக்கத்தார் சொல்லும்போதெல்லாம் அவள் அம்மா உள்ளே சென்று அழுகிறாராம். "உங்கள் சமயத்தில் என்ன சொல்வார்கள்?" என்று கேட்டாள். பிறவிக் குருடன் ஒருவனைக் கண்டு, இவன் செய்த பாவமா, இவன் பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டதையும், இருவருமல்ல என்று இயேசு பதிலளித்ததையும் யோவான் நற்செய்தியிலிருந்து சொன்னேன்.

அவள் வழக்கப்படி நான் சொன்னதைத் திருப்பிச் சொன்னாள். பிறகு சற்று நேரம் பேசாமலிருந்தாள். "அப்படியானால் உங்களிலும் முதலில் பாவத்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள்" என்றாள். ஆமாம் என்றேன். "அந்தக் குருடனை யாராவது ஏதாவது கேட்டார்களா?" என்றாள். அன்று மாலை விவிலியத்தை எடுத்து அந்த ஒன்பதாம் அதிகாரம் முழுவதையும் மறுபடி படித்தேன். பார்வை பெற்ற பிறகுதான் அவனைக் கேட்கிறார்கள். அவனும் நன்றாகவே பதில் சொல்கிறான். மறுநாள் அவளுக்கு அதைப் படித்துக் காட்டினேன்.