மாதவிடாய் நிற்கும் வயது: எதைச் சமாளிக்கலாம், எதை டாக்டரிடம் காட்ட வேண்டும்?



ஒரு பிள்ளை பெரியவளானால் லயமே கூடிவிடும். தண்ணி வார்ப்பு, சடங்கு, சாப்பாடு என்று தோட்டம் முழுவதற்கும் தெரியும். அதே பெண்ணுக்கு ஐம்பது வயதுவாக்கில் மாதவிடாய் நிற்கும்போது ஒருவரும் வாய் திறப்பதில்லை. புருஷனுக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. அதைப் பற்றித்தான் இந்த முறை வெளிப்படையாகப் பேசப் போகிறோம்.

ஏன் நிற்கிறது?

வயது ஏற ஏறச் சூலகங்களில் ஈஸ்ட்ரஜன் என்ற ஓமோன் சுரப்பது குறைகிறது. முதலில் மாதக்கணக்கு தவறும். பிறகு நின்றே போகும். தொடர்ந்து 12 மாதம் வராவிட்டால் நின்றுவிட்டது என்று கொள்ளலாம். பெரும்பாலானவர்களுக்கு இது 45 முதல் 55 வயதுக்குள் நடக்கும். 40 வயதுக்கு முன்பே நின்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

"கருத்தடை ஆபரேஷன் செஞ்சதாலதான் சீக்கிரம் நின்னுடுச்சு" என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. அந்த ஆபரேஷனில் கருக்குழாயை மட்டுமே அடைக்கிறார்கள். சூலகங்களை எடுப்பதில்லை.

சமாளிக்கக் கூடியவை

1. உடம்பு திடீரென்று கொதித்து வியர்ப்பது: இது சில நிமிடத்தில் அடங்கும். பருத்தி உடுப்பு உடுத்துங்கள். மலைக்குப் போகும்போது தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோங்கள். கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணியும் அதிக உறைப்பும் சிலருக்கு இதைக் கிளப்பிவிடும். உங்களுக்கு அப்படியா என்று கவனித்துக் குறையுங்கள்.

2. தூக்கமின்மை, எரிச்சல், காரணமில்லாத அழுகை: இது பைத்தியமும் அல்ல, செய்வினையும் அல்ல. மாலையில் தேத்தண்ணியைக் குறையுங்கள். மனதில் உள்ளதை ஒருவரிடமாவது சொல்லுங்கள். நாள்கணக்கில் மனம் சோர்ந்தே கிடந்தால் டாக்டரிடம் போங்கள்.

3. இருமும்போதும் கூடை தூக்கும்போதும் சிறுநீர் கசிவது: சிறுநீரை அடக்குவது போலத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணிவிட்டு விடுங்கள். ஒரு தடவைக்கு 10 முறை, நாளைக்கு மூன்று தடவை, சில மாதம் விடாமல் செய்தால் பலன் தெரியும்.

4. கணவனோடு சேரும்போது எரிச்சல், வலி: வறட்சியால் வருவது இது. பூசுவதற்கு மருந்து இருக்கிறது. வெட்கப்படாமல் கேளுங்கள்.

5. எலும்பு பலம் குறைவது: ஈஸ்ட்ரஜன் குறைந்தால் எலும்பு மெலியும். நெத்தலி, முருங்கைக் கீரை, குரக்கன், எள்ளு, பால் இவற்றில் கிடைப்பதைச் சேருங்கள்.

நாம் குடிக்கும் தேத்தண்ணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாப்பாட்டோடு குடித்தால், சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. நிற்கும் முன் சிலருக்கு இரத்தம் அதிகம் போகும். அவர்களுக்கு இரத்தசோகை வரும். ஆகவே சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

இதை மட்டும் பொறுத்திருக்க வேண்டாம்

நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும். எல்லாம் புற்றுநோய் அல்ல. ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளம் பலருக்கு இதுதான்.

யாழ்ப்பாணத்தில் மருதனார்மடம் சந்தைக்கு நாங்கள் ஒருமுறை போயிருந்தோம். அங்கே முருங்கைக்காய் விற்ற ஒரு அம்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "நாலு வருசமாய் நிண்டது திரும்ப வந்திட்டுது, பிள்ளையள். வயசு திரும்புது எண்டு பக்கத்து வீட்டுக்காரர் பகிடி பண்ணிச்சினம். எனக்கு மனம் கேக்கேல்லை, ஆசுப்பத்திரிக்குப் போனன்." அவருக்கு இருந்தது புற்றுநோய்தான். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்ததால் கர்ப்பப்பையை எடுத்துக் குணப்படுத்தினார்கள். பகிடியை நம்பி வீட்டிலிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அந்தப் பக்கத்தாருக்குத் தெல்லிப்பழையில் 2013 இல் திறந்த புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. நமக்குக் கண்டியிலும் பதுளையிலும் புற்றுநோய்ப் பிரிவுகள் இருக்கின்றன.

எங்கே போவது?

இலங்கையில் 1996 முதல் 'வெல் வுமன் கிளினிக்' என்ற பெண்கள் நலக் கிளினிக் நடக்கிறது. 35 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குப் பிரஷர், சீனி, மார்பு, கர்ப்பப்பைக் கழுத்து எல்லாவற்றையும் இலவசமாகப் பார்ப்பார்கள். எந்த நாள், எந்த இடம் என்று உங்கள் மிட்வைஃப் மிஸ்ஸியிடம் கேளுங்கள். தொந்தரவு தாங்க முடியாவிட்டால் ஓமோன் மருந்தும் உண்டு. எல்லோருக்கும் அது ஒத்துவராது. மார்புப் புற்றுநோய் வந்தவர்களுக்கும், காலில் இரத்தம் உறைந்தவர்களுக்கும் பொதுவாகக் கொடுப்பதில்லை. ஆகவே டாக்டர் சொல்லாமல் வாங்கிக் குடிக்கக் கூடாது.

இன்னொன்று: நின்றவுடன் பிள்ளை தங்காது என்று நினைக்காதீர்கள். கருத்தடை ஆபரேஷன் செய்யாதவர்கள், கடைசி மாதவிடாய்க்குப் பின் 50 வயதைத் தாண்டியவர்களானால் ஒரு வருடமும், தாண்டாதவர்களானால் இரண்டு வருடமும் குடும்பக் கட்டுப்பாட்டை விடக் கூடாது.

ஆண்களுக்கு

அண்ணன்மாரே, தம்பிமாரே, மனைவி இராத்திரி எழுந்து உட்கார்ந்தால் கோபிக்காதீர்கள். விலகிப் படுத்தால் சந்தேகப்படாதீர்கள். ஒரு குடம் தண்ணீர் நீங்கள் தூக்குங்கள். கிளினிக் நாளில் அடுப்பை நீங்கள் பாருங்கள்.

கூடிப் பேச

நம் லயத்தில் 35 வயது தாண்டியும் கிளினிக்கே போகாத பெண்கள் எத்தனை பேர்? அடுத்த கிளினிக்குக்கு யார் யாரைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறோம்? பிள்ளைக்காம்பராவில் கூடும்போது இதைப் பேசி முடிவு செய்யுங்கள்.